எரிவாயு வாகனமும் உழைப்பாளியின் உயிரும்

(கர்நாடக மாநிலம், கோலார் தங்கவயல், நந்திதுர்க் பகுதியில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். ஆட்டோ, சரக்கு வாகன ஓட்டுநர்களும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களும் வகுப்பில் பங்கேற்றனர்.)



2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பிறகு இந்நகரத்தின் உழைக்கும் மக்கள் பயணத்தை நம்பியே பிழைத்து வருகின்றனர். விடியும் முன்பே மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்கள் ஆயிரக்கணக்கானோரைப் பெங்களூருக்கு ஏற்றிச் செல்கின்றன. ரயிலில் போகாதவர்களில் பலர் ஆட்டோ ஓட்டுகின்றனர்; ‘குட்டி யானை’ என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டியை ஓட்டுகின்றனர்; பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டுகின்றனர். நேற்று சுரங்கத்தில் இறங்கியவரின் மகன் இன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறான்.

அந்த வண்டிகளில் இயற்கை எரிவாயு உருளைகள் வேகமாக இடம்பிடித்து வருகின்றன. நாடு முழுவதும் 2014இல் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த சிஎன்ஜி நிலையங்கள் இப்போது 7,000ஐத் தாண்டிவிட்டன. தபோலில் இருந்து பெங்களூருக்கு எரிவாயுக் குழாய் 2013இல் வந்து சேர்ந்தது. சித்தூர், கோலார், வேலூர் மாவட்டங்கள் ஒரே எரிவாயு விநியோகப் பகுதியாக வகுக்கப்பட்டு, தனியாரிடம் உரிமம் அளிக்கப்பட்டுள்ளது. 2024 ஜூலையில் சிஎன்ஜியில் ஓடும் மோட்டார் சைக்கிளைக்கூட பஜாஜ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாட்டின் எரிசக்தியில் இயற்கை எரிவாயுவின் பங்கை ஏறத்தாழ 6 விழுக்காட்டிலிருந்து 2030க்குள் 15 விழுக்காடாக உயர்த்துவோம் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது.

இந்த எரிபொருள் பாதுகாப்பானதா என்ற கேள்வி ஓட்டுநர்களிடையே எழுவது இயல்பு. அதற்கு இரண்டு விடைகள் உலவுகின்றன. ‘சீட்டுக்கு அடியில் வெடிகுண்டை வைத்துக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்’ என்பது ஒன்று. ‘பெட்ரோலை விடப் பாதுகாப்பானது, கவலை வேண்டாம்’ என்ற விற்பனையாளரின் விடை மற்றொன்று. முதல் விடை அறிவியலுக்குப் பொருந்தவில்லை. இரண்டாவது விடை பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைக்கிறது. மறைக்கப்படும் அந்த மீதிதான் இந்த வகுப்பின் பொருள்.

வாயுவின் இயல்பு

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அது காற்றை விட இலேசானது. அதன் அடர்த்தி காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழப் பாதியளவே. திறந்த வெளியில் கசிந்தால் மேலெழுந்து கலைந்துவிடும். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் மட்டுமே அது தீப்பற்றும். பெட்ரோல் ஆவிக்கு ஒன்றரை விழுக்காடு அளவே போதுமானது. சூடான பரப்பின் மீது பட்டுத் தானாகத் தீப்பற்ற மீத்தேனுக்கு ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை; பெட்ரோலுக்கு அதில் பாதியளவு போதும். கசிந்த பெட்ரோல் தரையில் தேங்கி வண்டிக்கு அடியிலேயே எரியும். மீத்தேன் அவ்வாறு தேங்குவதில்லை.

வீட்டில் சமைக்கப் பயன்படும் எல்பிஜி இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. அது காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவி, பள்ளங்களிலும் சாக்கடைகளிலும் தங்கி, தொலைவில் உள்ள நெருப்பைத் தேடிச் செல்லும். 2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளத்தின் கண்ணூர் அருகே சாலா என்னுமிடத்தில் எல்பிஜி டேங்கர் கவிழ்ந்தபோது அதுதான் நடந்தது. வாயு குடியிருப்புகளுக்குள் பரவிப் பற்றியெரிந்ததில் 20 பேர் மாண்டனர். 2024 டிசம்பர் 20 அதிகாலையில் ஜெய்ப்பூர்–அஜ்மீர் நெடுஞ்சாலையில் எல்பிஜி டேங்கர் மீது லாரி மோதியபோதும் வாயு சாலையில் பரவி, பயணிகள் பேருந்து உட்படப் பல வாகனங்களை நெருப்பு சூழ்ந்தது. சிஎன்ஜியையும் எல்பிஜியையும் ஒன்றாகக் கருதும் பழக்கம் ஓட்டுநர்களிடம் உண்டு. இரண்டும் வேறு வேறு என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

ஆனால் மேற்சொன்ன நற்குணங்கள் அனைத்தும் திறந்த வெளிக்கு உரியவை. மூடிய கொட்டகையில் வண்டியை நிறுத்தினால், மேலெழும் வாயு கூரைக்கு அடியில் தங்கும். அங்கு அது 5 விழுக்காட்டை எட்டிவிட்டால், ஒரு சுவிட்சைத் தட்டும்போது எழும் சிறு மின்பொறியே வெடிப்புக்குப் போதும். மீத்தேனுக்கு இயல்பாக மணமும் இல்லை. கசிவை மனிதர் உணர வேண்டும் என்பதற்காகவே மெர்கேப்டன் என்னும் நாற்றப் பொருளை அதில் கலக்கின்றனர். அந்த நாற்றம் வீசினால் அதுவே எச்சரிக்கை மணி.

சுரங்கத் தொழிலாளி வர்க்கத்துக்கு மீத்தேன் புதியதன்று. தங்கவயலின் பாறைகளில் இந்த ஆபத்து பெரிதாக இருந்ததில்லை. இங்கு உயிர்களைப் பறித்தவை பாறை வெடிப்பும் பாறைத் தூசியும். நிலக்கரிச் சுரங்கங்களில் மீத்தேன்தான் எமன். இன்றைய ஜார்க்கண்டில் உள்ள டோரி சுரங்கத்தில் 1965 மே 28 அன்று ஏற்பட்ட வெடிப்பில் 268 தொழிலாளர்கள் மடிந்தனர். இங்கிலாந்தில் 1815இல் ஹம்ப்ரி டேவி, மீத்தேன் உள்ள இடத்திலும் எடுத்துச் செல்லத்தக்க பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். அது மகத்தான கண்டுபிடிப்பு. ஆயினும் அதன்பின் வெடிப்புச் சாவுகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. அதுவரை ஆபத்தானவை என்று கைவிடப்பட்டிருந்த ஆழமான அடுக்குகளிலும் அந்த விளக்கைக் கொடுத்து முதலாளிகள் ஆட்களை இறக்கினர். காற்றோட்டத்துக்குச் செலவிட வேண்டிய பணத்தை மிச்சப்படுத்தினர். பாதுகாப்புக் கருவி யாருடைய கையில் இருக்கிறது, எதற்காகப் பயன்படுகிறது என்ற கேள்வியை அந்த வரலாறு எழுப்புகிறது.

உருளைக்குள் இருக்கும் அழுத்தம்

சிஎன்ஜி வாகனத்தின் உண்மையான ஆபத்து அழுத்தத்தில் உள்ளது. சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ இயற்கை எரிவாயு ஒன்றரைக் கன மீட்டர் அளவு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதை வண்டியில் ஏற்றுவதற்காக, வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தி உருளைக்குள் அடைக்கின்றனர். ஒரு கார் டயரில் உள்ள அழுத்தத்தைப் போல் இது ஏறத்தாழ 100 மடங்கு. இத்தகைய உருளை பிளந்தால், நெருப்பே இல்லாமலும் ஆளைக் கொல்லும். அதன் சிதறல்கள் சுவரைத் துளைக்கும்.

இந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகத்தான் இணைப்பு இல்லாத தடித்த எஃகில் உருளை செய்யப்படுகிறது. வண்டி தீப்பிடித்து உருளை சூடேறினால், அது பிளப்பதற்கு முன்பே வாயுவை வெளியேற்றிவிடும் பாதுகாப்பு அமைப்பு வால்வில் உண்டு. அழுத்தக் குழாய், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், கசிந்த வாயுவை வண்டிக்கு வெளியே கொண்டுசெல்லும் உறை ஆகியவை உள்ளன. இவை ஒவ்வொன்றும் தரச்சான்று பெற்றவையாக இருந்து, முறையாகப் பொருத்தப்பட்டு, காலந்தோறும் சோதிக்கப்பட்டால் சிஎன்ஜி வண்டி பெட்ரோல் வண்டியை விட ஆபத்தானதன்று. இத்தாலியில் 1930களிலிருந்து இந்த எரிபொருளில் வாகனங்கள் ஓடுகின்றன.

எஃகுக்கும் வயது உண்டு. மழைநீரும் சேறும் பட்டு உருளை துருப்பிடிக்கிறது. நிரப்பும்போது விரிந்து, காலியாகும்போது சுருங்கி, ஆயிரக்கணக்கான முறை உலோகம் சோர்வடைகிறது. பட்டையில் உராய்ந்து கீறல் விழுகிறது. இவற்றில் பல கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவேதான் வாகனத்தில் உள்ள சிஎன்ஜி உருளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றி, நீர் நிரப்பி, பயன்பாட்டு அழுத்தத்தை விடக் கூடுதலான அழுத்தத்தில் சோதிக்க வேண்டும் என்பது விதி. வாயுவுக்குப் பதில் நீரை நிரப்புவதற்குக் காரணம் உண்டு. நீர் அழுத்தத்தில் சுருங்குவதில்லை; சோதனையின்போது உருளை பிளந்தாலும் வெடித்துச் சிதறாது. சோதனை நாளும் அடுத்த சோதனைக்குரிய நாளும் பொறித்த தகடு வாகனத்தில் இருக்க வேண்டும். நிரப்பும் நேரத்தில் பயணிகள் அனைவரும் கீழே இறங்கி நிற்க வேண்டும் என்ற விதியும் இக்காரணம் பற்றியதே; உருளை அதிக அழுத்தத்தைச் சந்திக்கும் நேரம் அது.

தடுக்கப்பட வேண்டிய கொடிய வழக்கங்கள் சிலவும் உண்டு. பழைய இரும்புக் கடையில் வாங்கிய உருளையைப் பொருத்துவது, சான்று இல்லாத மெக்கானிக்கிடம் ‘கிட்’ மாட்டிக்கொள்வது, குழாய் இணைப்பைத் தானே இறுக்குவது ஆகியவை அவற்றுள் அடங்கும். எல்லாவற்றிலும் கொடியது எல்பிஜி உருளையில் சிஎன்ஜியை நிரப்ப முயல்வது. சமையல் எரிவாயு உருளை சிஎன்ஜியின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாங்குவதற்காகக்கூட வடிவமைக்கப்பட்டதன்று. அது நிரம்புவதற்கு முன்பே பிளந்துவிடும்.

கேஜின் கம்பி வடம்

நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை செய்த தோழர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வர். நாள்தோறும் கேஜில் ஏறிப் பாதாளத்துக்கு இறங்கியவர்கள் ஒரு கம்பி வடத்தை நம்பி இறங்கினர். அந்த வடம் உறுதியானதா என்பதைக் கேஜில் நிற்கும் தொழிலாளி கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வடத்தை இன்ன காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், இன்ன காலத்துக்குப் பின் கழித்துவிட வேண்டும் என்று சுரங்கச் சட்டத்தின் விதிகள் கூறின. சோதனையைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட ஒரு பொறுப்பாளர் இருந்தார். அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்க அரசின் ஆய்வாளருக்கு அதிகாரம் இருந்தது. பதிவேடு பொய்யானால் கேட்பதற்குச் சங்கம் இருந்தது. வடத்தைச் சோதிக்கும் செலவை எந்தத் தொழிலாளியும் தன் கூலியிலிருந்து தந்ததில்லை.

சிஎன்ஜி வண்டியின் உருளை அந்த வடத்தைப் போன்றது. இங்கோ பாதுகாப்பின் சுமை முழுவதும் ஓட்டுநரின் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. உருளையைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்தால் சோதனைக் கட்டணத்தை அவர் தருகிறார். வண்டி நிற்கும் நாளின் வருமானத்தை இழக்கிறார். சோதனை மையம் தொலைவில் இருந்தால் போக்குவரத்துச் செலவும் அவருடையதே. வண்டிக்கடன் தவணை அந்த நாளுக்காகக் காத்திருப்பதில்லை. இந்த நிலையில் சோதனையை ஒரு மாதம், ஒரு வருடம் தள்ளிப்போடும் ஓட்டுநரைப் பொறுப்பற்றவர் என்று குற்றம் சாட்டுவது எளிது. அவரை அந்த இடத்தில் நிறுத்தியது எது என்று கேட்பவர் குறைவு.

விபத்து நடந்தபின் முதல் குற்றவாளியாக ஓட்டுநரே நிறுத்தப்படுகிறார். விசாரணை முடியும் முன்பே காரணம் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. 2013 மே மாதத்தில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள குஜ்ராத் நகரின் அருகே பள்ளி வேன் ஒன்று எரிந்து, 15க்கும் மேற்பட்ட குழந்தைகள் கருகி மாண்டனர். சிஎன்ஜி உருளை வெடித்துவிட்டது என்றே முதலில் செய்தி பரவியது. உருளை பிளக்காமல் இருந்ததும், கசிந்த பெட்ரோலில் மின்பொறி பட்டுத் தீப்பிடித்ததும் பின்னரே தெரியவந்தன. உண்மைக் காரணம் வெளிவராவிட்டால் அடுத்த விபத்தைத் தடுக்க முடியாது.

டெல்லி கற்றுத் தந்த பாடம்

இந்தியாவில் எரிவாயு வாகனங்களின் பெரும் சோதனைக்களம் டெல்லி. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. டெல்லியின் நகரப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31க்குள் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்றது. டீசல் புகையால் நச்சாகியிருந்த காற்றைச் சுவாசித்தவர்களில் சாலையோரத்தில் வாழ்ந்த, உழைத்த ஏழைகளே முன்னணியில் இருந்தனர். எனவே மாற்றம் தேவையாகவே இருந்தது.

ஆனால் மாற்றம் எவ்வாறு நடத்தப்பட்டது? காலக்கெடு நெருங்கும்வரை அரசுகள் உறங்கின. போதிய நிரப்பு நிலையங்கள் இல்லை. வாயு வரத்தும் போதவில்லை. ஆட்டோ ஓட்டுநர்கள் எரிவாயுவுக்காக இரவு பகலாக மைல்கணக்கில் வரிசையில் நின்றனர். வரிசையில் கழிந்த மணிகளுக்கு யாரும் கூலி தரவில்லை. பேருந்துகள் அவசர அவசரமாக மாற்றப்பட்டன. அவற்றில் சில தீப்பிடித்து எரிந்தன. உடனே ‘சிஎன்ஜியே ஆபத்து’ என்ற கூக்குரல் எழுந்தது. டீசல் வாகன உற்பத்தியாளர்களுக்கு அது வசதியாக அமைந்தது. 2001இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் அழைப்பின் பேரில் வந்து பார்த்த வெளிநாட்டு வல்லுநர்கள், எரிபொருளைக் கைவிடச் சொல்லவில்லை. ஆய்வு முறையைப் பலப்படுத்தச் சொன்னார்கள். பூரே லால் தலைமையிலான ஆணையமும் பாதுகாப்புச் சோதனைகளை வலியுறுத்தியது. 2002 ஏப்ரலில் டீசல் பேருந்துகளுக்கு நாள் கணக்கில் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் நகரப் பேருந்துகள் சிஎன்ஜிக்கு மாறி முடிந்தன.

கால் நூற்றாண்டாக டெல்லியில் இலட்சக்கணக்கான சிஎன்ஜி வாகனங்கள் ஓடுகின்றன. எரிபொருள் தன்னளவில் கொலைகாரன் அல்ல என்பதற்கு அதுவே சான்று. தொடக்க ஆண்டுகளின் தீ விபத்துகள், அவசரமும் ஆய்வுக் குறைவும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்குச் சான்று. புதிதாகச் சிஎன்ஜி நுழையும் கோலார் போன்ற மாவட்டங்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நாகரம் எழுப்பும் கேள்வி

பாதுகாப்பை வண்டியோடு முடித்துக்கொள்ளவும் இயலாது. எரிவாயு குழாய் வழியாகவே நிலையத்துக்கு வருகிறது. ஆந்திரப் பிரதேசத்தின் அன்றைய கிழக்குக் கோதாவரி மாவட்டத்தில் உள்ள நாகரம் கிராமத்தில் 2014 ஜூன் 27 விடியற்காலையில் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்தது. உறங்கிக்கொண்டிருந்த 20க்கும் மேற்பட்ட மக்கள் உயிரிழந்தனர். தென்னந்தோப்புகளும் வீடுகளும் கருகின. ஈரமற்ற வாயுவைக் கொண்டுசெல்ல அமைக்கப்பட்ட குழாயில் நீரும் எண்ணெய்ப் பொருளும் கலந்த வாயு சென்றதும், அதனால் குழாய் உட்புறம் அரிக்கப்பட்டதும் விசாரணையில் வெளிவந்தன. வாயுவைத் தூய்மைப்படுத்தும் ஏற்பாட்டுக்குச் செலவு செய்யப்படவில்லை. கசிவு பற்றி ஊர்மக்கள் முன்னரே புகார் கூறியிருந்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன.

கெயில் ஒரு பொதுத்துறை நிறுவனம். பொதுத்துறையைப் பாதுகாக்கப் போராடும் இயக்கம் இந்த உண்மையை மூடி மறைக்கத் தேவையில்லை. பொது உடைமை அவசியம்; ஆனால் பெயரளவில் பொதுவாக இருந்து, இலாபக் கணக்கை மட்டும் பார்த்து நடத்தப்படும் நிறுவனம் மக்களைக் காக்காது. தொழிலாளரும் ஊர்மக்களும் புகார் கூறினால் வேலையை நிறுத்திப் பார்க்கும் அதிகாரம் கொண்ட சுயேச்சையான ஆய்வு அதற்கு மேல் இருக்க வேண்டும்.

ஆய்வை அழிக்கும் ஆட்சி

இன்றைய கொள்கையின் திசை இதற்கு எதிரானது. வெடிபொருள் சட்டத்தின் கீழ் எரிவாயு உருளைகளைக் கண்காணிப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. நிலையங்கள் பல மடங்கு பெருகும்போது ஆய்வாளர்களும் அதே அளவில் பெருக வேண்டும் என்பது சாதாரண அறிவு. ஒன்றிய அரசோ நிலையங்களின் எண்ணிக்கையைத்தான் சாதனையாக விளம்பரப்படுத்துகிறது. ஆய்வாளர்களின் எண்ணிக்கை அந்த விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வாகனத் தகுதிச் சான்று வழங்கும் பணி தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு மாற்றப்படுகிறது. அவற்றைத் தனியாரும் நடத்தலாம். சோதிப்பவருக்கும் இலாபம் ஈட்டுபவருக்கும் இடையே இருந்த கோடு இதனால் அழிகிறது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு 13 சட்டங்களை விழுங்கியது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும், 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் அவற்றில் அடங்கும். மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால் தொழிற்சாலை என்ற வரம்பு 20 ஆக உயர்த்தப்பட்டது. ஆய்வாளர் இனி ‘ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்’ ஆவார். நான்கைந்து பேர் வேலை செய்யும் எரிவாயுக் ‘கிட்’ பொருத்தும் பட்டறை முன்பே சட்டத்தின் விளிம்பில் இருந்தது. இப்போது அதைவிடப் பெரிய பட்டறைகளும் வெளியே தள்ளப்படுகின்றன. ஒப்பந்த முறையில் குறைந்த கூலிக்கு நிறுத்தப்படும் நிரப்பு நிலைய ஊழியர் 200 மடங்கு அழுத்தத்தில் உள்ள குழாயைக் கையில் பிடித்திருக்கிறார். தகட்டில் சோதனை நாள் கடந்துவிட்டதைப் பார்த்து ‘நிரப்ப மாட்டேன்’ என்று சொல்வதற்கு அவருக்கு வேலைப் பாதுகாப்பு வேண்டும். அது இல்லாதபோது விதி காகிதத்திலேயே தங்கிவிடும்.

ஆய்வு இல்லாத இடத்தில் ஆபத்தும் இல்லை என்று காட்டுவது மூலதனத்தின் பழைய தந்திரம். தங்கவயலுக்கு இது தெரியும். ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் இங்கு காலூன்றியது. பாறைத் தூசியால் நுரையீரல் கல்லாகும் சிலிக்கோசிஸ் நோய், இந்தியாவிலேயே முதன்முதலாக இங்குதான், 1947இல் மருத்துவ உலகின் பதிவேட்டில் ஏறியது. இடைப்பட்ட 60க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் தூசி இல்லாமலா இருந்தது? தொழிலாளர்கள் இருமி இருமிச் சாகாமலா இருந்தனர்? முறையாகப் பரிசோதிக்காததால் நோய் கணக்கில் வரவில்லை. சங்கம் அமைத்து, 1930இலும் 1946இலும் பெரும் வேலைநிறுத்தங்கள் நடத்தி, துப்பாக்கிச் சூட்டில் தோழர்களைப் பலிகொடுத்துத்தான் இங்குள்ள தொழிலாளி வர்க்கம் தன் உயிருக்கும் மதிப்பு உண்டு என்று நிலைநாட்டியது.

கோரிக்கைகள்

எரிவாயு இறுதித் தீர்வு என்று கருதவும் இடமில்லை. எரிக்கப்படாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவை விட 80 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்குகிறது. நாட்டின் தேவையில் ஏறத்தாழப் பாதி இறக்குமதி ஆகிறது. உலகச் சந்தையில் விலை ஏறினால் ஆட்டோ ஓட்டுநரின் அடுப்பில் அதன் சூடு தெரியும். ரயிலும் பேருந்தும் பொதுத்துறையில் பெருக வேண்டும் என்பதே நீண்டகாலத் தீர்வு. ஆயினும் இன்றைக்குச் சிஎன்ஜி வண்டி ஓட்டுபவரின் உயிர் அந்த நாள் வரை காத்திருக்க முடியாது.

எனவே ஓட்டுநர் சங்கங்களும் கட்சிக் கிளைகளும் உடனடியாக எடுத்துச் செல்ல வேண்டிய கோரிக்கைகள் சில உள்ளன.

கோலார் மாவட்டத்திலேயே அரசு நடத்தும் உருளைச் சோதனை மையம் அமைய வேண்டும். சொந்தமாக ஒரே வண்டி வைத்து ஓட்டுபவருக்குச் சோதனை இலவசமாக வேண்டும். அதற்கான நிதியை எரிவாயு விநியோக நிறுவனங்களிடமிருந்தும் வாகன உற்பத்தியாளர்களிடமிருந்தும் திரட்ட வேண்டும். சோதனை நாளில் வண்டி நிற்பதற்கு இழப்பீடு தரப்பட வேண்டும்.

நிரப்பு நிலைய ஊழியர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். அவர்களுக்குப் பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் அளிக்கப்பட வேண்டும். சோதனைக் காலம் கடந்த உருளைக்கு நிரப்ப மறுக்கும் ஊழியரைப் பணிநீக்கம் செய்யத் தடை வேண்டும்.

சான்று பெற்ற மெக்கானிக்குகளை உருவாக்கும் பயிற்சி தங்கவயல் இளைஞர்களுக்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் மூலம் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். இயந்திரங்களை அறிந்த தலைமுறையின் பிள்ளைகள் இங்கு உள்ளனர். அவர்களுக்கு இது வேலையாகவும் அமையும்.

ஒவ்வொரு எரிவாயு வாகன விபத்துக்கும் சுயேச்சையான விசாரணை நடந்து, அறிக்கை கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும்.

இவை நிறைவேறும்வரை ஓட்டுநர் தோழர்கள் தம்மளவில் செய்ய வேண்டியவையும் உண்டு. வண்டியில் உள்ள தகட்டில் அடுத்த சோதனை நாளை இன்றே பார்க்க வேண்டும். நிரப்பும்போது பயணிகளை இறக்கிவிட வேண்டும். மூடிய கொட்டகையில் வண்டியை நிறுத்தாமல், மேற்புறம் காற்றோட்டம் உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். கசிவின் நாற்றம் வந்தால் எஞ்சினை அணைத்து, உருளையின் வால்வை மூடி, அனைவரையும் விலக்கிவிட வேண்டும். சுவிட்சையோ தீக்குச்சியையோ தொடக் கூடாது. ஒவ்வொரு ஆட்டோ நிறுத்தத்திலும் எந்த வண்டிக்கு எப்போது சோதனை என்பதைச் சங்கம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். சோதனைக் காலம் கடந்த வண்டிகள் எத்தனை, அவற்றின் உரிமையாளர்கள் எதனால் சோதிக்க இயலவில்லை என்ற விவரம் அப்பதிவேட்டிலிருந்தே கிடைக்கும். மாவட்ட நிர்வாகத்தின் மேசையில் வைப்பதற்கு அதைவிட வலுவான மனு வேறில்லை.

சுரங்கத்தின் கம்பி வடத்துக்கு ஒரு பதிவேடு இருந்தது. அதைக் கேட்டுப் பார்க்கும் துணிவு சங்கத்துக்கு இருந்தது. நந்திதுர்க்கின் அடுத்த தலைமுறை சாலையில் உழைக்கிறது. அந்தத் தலைமுறைக்கும் அந்தப் பதிவேடு வேண்டும். அதைத் தொடங்கும் வேலை இந்த வகுப்பு முடிந்தவுடன், வெளியே நிற்கும் வண்டிகளின் தகடுகளைப் பார்ப்பதிலிருந்தே ஆரம்பிக்கட்டும்.